இணைப்புக்கு முன் எழும் கேள்விகள்

நிறுவன இணைப்புகளிலும், சந்தையில் போட்டி குன்றாமல் காக்கும் போட்டிச் சட்டத்திலும் ஆலோசனை சொல்வது என் தொழில் என்றால், பலரும் நீதிமன்ற வாதங்களையே கற்பனை செய்கிறார்கள். உண்மையில் என் நேரத்தின் பெரும்பகுதி, வாங்கும் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களையும் இயக்குநர் குழுவுக்குப் போன அறிக்கைகளையும் படிப்பதிலேயே கழிகிறது. "இவர்களை வாங்கிவிட்டால் விலைப்போட்டி ஒழியும்" என்று உற்சாகமான ஒரு மேலாளர் எழுதிவைத்த ஒற்றை வரி, இணைப்பால் போட்டி பாதிக்கப்படாது என்று பொருளாதார வல்லுநர்கள் பாடுபட்டுத் தயாரித்த அறிக்கையையே சாய்த்துவிடும்.

அதைவிடச் சிக்கலானது, சந்தையின் எல்லையை வகுப்பது, அதாவது யார் யாருக்குப் போட்டி என்று தீர்மானிப்பது. 1997இல் அலுவலகப் பொருள் விற்கும் கடைத்தொடர்களான ஸ்டேப்பிள்ஸ், ஆபீஸ் டிப்போ இணைப்பை அமெரிக்க நீதிமன்றம் தடுத்தபோது, காகிதமும் பேனாவும் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்ற வாதம் எடுபடவில்லை. இரு நிறுவனங்களும் போட்டியிட்ட ஊர்களில் விலை குறைவாக இருந்ததைக் காட்டிய தரவே முக்கியச் சான்றாயிற்று. 2001இல் ஜெனரல் எலெக்ட்ரிக், ஹனிவெல் இணைப்புக்கு அமெரிக்கா இசைந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மறுத்துவிட்டது என்பதால், ஒரு நாட்டின் அனுமதியை மட்டும் நம்பி நாள் குறிக்க நான் யாரையும் விடுவதில்லை.

அனுமதி வரும்வரை இரு நிறுவனங்களும் போட்டியாளர்களாகவே நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான், அவசரக்காரர்களான நிர்வாகிகளுக்குப் புரியவைக்கக் கடினமானது. அவர்களிடம், 2018இல் இந்த விதியை மீறியதற்காகவே அல்டிஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணையம் விதித்த 12.45 கோடி யூரோ அபராதத்தைச் சொல்வேன்.