உப்பிட்டவரை நினைக்கும் ஊர்கள்

பெர்லின் சுரங்க ரயிலின் ஆறாம் தடத்தில் ‘பிளாட்ஸ் டேர் லுஃப்ட்ப்ரூக்க’ என்றொரு நிலையம் இருக்கிறது. ‘வான்பாலச் சதுக்கம்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். 2025 டிசம்பரில், பனி விழாமல் குளிர் மட்டும் எலும்பைத் துளைத்த ஒரு காலையில் அந்த நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்தபோது, வானத்தை நோக்கி எழுந்து மேற்குப் பக்கமாக வளைந்து நிற்கும் மூன்று கான்கிரீட் விலாக்கள் கண்ணில் பட்டன. 1948-49-இல் சோவியத் நிர்வாகம் நகரத்தை முற்றுகையிட்ட காலத்தில் அதற்கு உணவு வந்த மூன்று வான்வழிகளை அவை குறிக்கின்றன. 1951-இல் இந்த நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டபோது ஊர்மக்கள் அதற்குப் ‘பசிவாரி’ என்று பெயர் வைத்தார்கள். வைக்கோல் வாரும் கருவியின் பற்களைப் போல் இருப்பதால் வந்த பெயர் அது. வான்வழியே உணவு கொண்டுவந்த பணியில் உயிரிழந்தவர்களின் பெயர்கள் அடியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவர்களில் 31 பேர் அமெரிக்கர்கள், 39 பேர் பிரிட்டானியர்கள்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கின்றன என்ற செய்தியை ஓராண்டாகப் படித்துவந்த எனக்கு, அந்த உறவு முளைத்த மண்ணில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மாநாடுகள் நடக்கும் நகரங்களை விட்டுவிட்டு மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டேன். பெர்லினின் பழைய டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் முதலாவது. ஜெர்மனியின் தென்மேற்கில் அமெரிக்கப் படைகள் குடியிருக்கும் கைசர்ஸ்லாட்டர்ன் வட்டாரம் இரண்டாவது. நெதர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் மார்க்ராட்டன் என்ற சிற்றூர் மூன்றாவது.

போருக்குப் பின் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றின் ஆளுகையில் இருந்த ஜெர்மனியின் மேற்கு மண்டலங்களில் புதிய மார்க் நாணயம் புழக்கத்துக்கு வந்த சில நாட்களில், 1948 ஜூன் 24 அன்று, சோவியத் மண்டலத்துக்கு நடுவே இருந்த மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் கால்வாய்களையும் சோவியத் நிர்வாகம் அடைத்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். தரைவழிக்கு எழுத்துமூலமான உறுதி எதுவும் மேற்கு நாடுகளின் கையில் இல்லை. வான்வழிக்கு மட்டும் 1945 நவம்பரில் எழுதிக்கொண்ட உடன்பாடு ஒன்று இருந்தது. அந்த ஒரு காகிதத்தின் பலத்தில், 1949 செப்டம்பர் வரை விமானங்கள் இரண்டேமுக்கால் லட்சம் முறைக்கும் மேல் பறந்து, சுமார் 23 லட்சம் டன் பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. நிலக்கரியை விமானத்தில் ஏற்றுவார்களா என்று நம் ஊர் வெயிலில் இருந்து படிக்கும்போது எனக்கு விளங்கியதில்லை. கையுறைக்குள்ளும் விரல்கள் மரத்துப்போன அந்தக் காலையில் விளங்கியது.

உப்பு மட்டும் தனிச் சிக்கலாக இருந்தது. விமானத்தின் உலோகத்தை அது அரித்துவிடும் என்பதால், கடல்நீரைத் தாங்கும்படி கட்டப்பட்டிருந்த பிரிட்டனின் சண்டர்லாண்ட் நீர்விமானங்கள் அதைச் சுமந்து, ஹாவெல் ஆற்றின் நீர்ப்பரப்பில் வந்து இறங்கின. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அந்த மூன்று விலாக்களுக்குக் கீழே நின்று இதை நினைத்துப் பார்த்தபோது மனம் நெகிழ்ந்தது. அதற்கு மூன்றே ஆண்டுகள் முன்புவரை இதே நாடுகளின் விமானங்கள் இதே நகரத்தின்மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. குண்டு வந்த வழியிலேயே உப்பும் வந்ததைக் கண்ட ஒரு தலைமுறை, தன் பாதுகாப்பை அந்தக் கைகளில் ஒப்படைத்ததில் எனக்கு வியப்பில்லை.

விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டு, 2010 முதல் பூங்காவாக இருக்கிறது. அங்கே கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தை 2014-இல் நகர மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். இன்று ஓடுபாதையில் சிறுவர்கள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள். கைக்குட்டைகளைக் குடைபோலக் கட்டி இனிப்புகளை இந்த மைதானத்தின் ஓரத்துச் சிறுவர்களுக்குப் போட்ட அமெரிக்க விமானி கெய்ல் ஹால்வர்சன், 2022 பிப்ரவரியில் தம் 101-ஆம் வயதில் காலமானார். இனிப்பைப் பொறுக்கிய பிள்ளைகளுக்கும் இப்போது எண்பது வயது கடந்திருக்கும். நேரில் கண்டவர்களின் நன்றிமேல் கட்டப்பட்ட ஓர் உறவு, அவர்கள் மறைந்த பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்ற கேள்வியோடுதான் அந்தத் திடலைச் சுற்றி நடந்தேன்.

அந்த முற்றுகை நீங்குவதற்கு முன்பே, 1949 ஏப்ரல் 4 அன்று, வாஷிங்டனில் 12 நாடுகள் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணிக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. போரில் சிதைந்த ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா வகுத்த மார்ஷல் திட்டத்தின் கீழ் சுமார் 1,300 கோடி டாலர் ஐரோப்பாவுக்கு வந்ததும் அதே ஆண்டுகளில்தான். அமெரிக்கா இவற்றை வெறும் தருமமாகச் செய்யவில்லை. சந்தையும் படைத்தளங்களும் உலக அரசியலில் தலைமை இடமும் அதற்குக் கிடைத்தன. ஆயினும் பெறுகிறவனின் மனத்தில் நன்றியும் பாதுகாப்பும் ஒரே முடிச்சாக விழுந்துவிட்டன. நன்றி உள்ளவன் சார்ந்திருக்க வேண்டும், சார்ந்திருப்பதை விட்டால் நன்றி கெட்டவன் ஆவான் என்ற எண்ணம் எண்பது ஆண்டுகளாக இரு கரைகளிலும் இருந்து வந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் கண்டது, அந்த முடிச்சு மெல்ல அவிழ்வதை.

மான்ஹைம் வழியாகத் தெற்கே சென்ற ரயிலில், இந்த உறவில் விழுந்த விரிசல்களை எண்ணிக்கொண்டே போனேன். 1956-இல் சூயஸ் கால்வாயிலிருந்து பிரிட்டனையும் பிரான்ஸையும் பின்வாங்க வைத்தது அமெரிக்கா. 1966-இல் நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையிலிருந்து பிரான்ஸை வெளியேற்றினார் அதன் அதிபர் தெகோல். 2003-இல் ஈராக் போரை பிரான்ஸும் ஜெர்மனியும் எதிர்த்தபோது, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அவற்றைப் பழைய ஐரோப்பா என்று குறிப்பிட்டார். ஐரோப்பியர்கள் பாதுகாப்புக்குப் போதிய அளவு செலவிடுவதில்லை என்ற குறையும் பழையதுதான். 2011-இல் அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸிலேயே அதைக் கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குறையில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவர்மீதான தாக்குதல் அனைவர்மீதான தாக்குதல் என்று சொல்லும் நேட்டோவின் ஐந்தாம் பிரிவு வரலாற்றில் ஒரே ஒரு முறைதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது: 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக. அதன்பின் ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் 457 வீரர்களையும் ஜெர்மனி 59 வீரர்களையும் இழந்தன.

முன்பெல்லாம் சண்டை வந்தது, வீடு ஒன்றாகவே இருந்தது. இப்போது வீட்டைப் பற்றியே கேள்வி எழுந்திருக்கிறது. மற்றவர்களை முழுமையாக நம்பியிருந்த காலம் ஓரளவு கடந்துவிட்டது என்று 2017 மே மாதம் மியூனிக்கில் அன்றைய ஜெர்மானியப் பிரதமர் ஆங்கெலா மெர்க்கல் பேசியபோது அதைத் தேர்தல் பேச்சு என்று பலர் கடந்து போனார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை நடத்திய மூன்று நாட்களுக்குப் பின், ஜெர்மானியப் படைக்கு 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியை மெர்க்கலுக்குப் பின் பிரதமரான ஓலாஃப் ஷோல்ஸ் அறிவித்தார். 2025-இல் நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன. பிப்ரவரியில் மியூனிக் மாநாட்டில் ஐரோப்பாவின் உள்விவகாரங்களையே கண்டித்தார் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ். அதே மாதக் கடைசியில் வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி கடிந்துகொள்ளப்பட்டதை உலகமே பார்த்தது. டென்மார்க்கின் ஆளுகையில் இருக்கும் கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்று அதிபர் டிரம்ப் மீண்டும் மீண்டும் சொன்னார். ஜூன் மாதம் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035-க்குள் நாட்டு வருமானத்தில் 5 விழுக்காட்டைப் பாதுகாப்பிலும் அதைச் சார்ந்தவற்றிலும் செலவிட ஒப்புக்கொண்டன. கடன் வாங்குவதைப் பாவமாகக் கருதிவந்த ஜெர்மனி, அதற்காகத் தன் அரசியல் சட்டத்தையே அந்த மார்ச் மாதம் திருத்தியிருந்தது. நான் பயணம் செய்த அதே டிசம்பரின் தொடக்கத்தில் வாஷிங்டன் வெளியிட்ட பாதுகாப்பு உத்தி ஆவணம், ஐரோப்பா தன் நாகரிகத்தையே இழக்கும் அபாயத்தில் இருப்பதாக எழுதியது. ரயிலில் என் எதிரே இருந்தவர் படித்துக்கொண்டிருந்த நாளிதழிலும் அதுவே பேச்சு.

கைசர்ஸ்லாட்டர்னை அமெரிக்கர்கள் கே-டவுன் என்று அழைக்கிறார்கள். பெயர் வாயில் நுழையாததால் வந்த செல்லப்பெயர். ராம்ஸ்டைன் விமானத் தளமும் லாண்ட்ஸ்டூல் குன்றின்மேல் இருக்கும் ராணுவ மருத்துவமனையும் சேர்ந்த இந்த வட்டாரத்தில் சுமார் 50,000 அமெரிக்கர்கள் வாழ்கிறார்கள். தங்கள் நாட்டுக்கு வெளியே அவர்களுக்கு இதைவிடப் பெரிய குடியிருப்பு கிடையாது. 1950-களின் தொடக்கத்தில் சதுப்பு நிலத்தை வற்றவைத்துக் கட்டிய தளம் இது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் பெருத்த வயிறுடைய சரக்கு விமானங்கள் தாழப் பறந்து இறங்குவது தெரிகிறது. ஊருக்குள் வீட்டு வாடகை விளம்பரங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ரொட்டிக்கடைப் பெண் என் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார். மேற்கு ஜெர்மனியில் ஒரு காலத்தில் இரண்டரை லட்சம் அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். இன்று ஜெர்மனி முழுவதும் சேர்த்து 40,000-க்கும் குறைவு.

நான் தங்கிய விடுதியை நடத்தியவர், தளத்தில் வேலை செய்யும் ஜெர்மானியர்களைப் பற்றிச் சொன்னார். அக்டோபரில் அமெரிக்க அரசின் அலுவல்கள் நிதி ஒப்புதல் இல்லாமல் முடங்கியபோது, அமெரிக்கத் தளங்களில் பணிபுரியும் சுமார் 11,000 ஜெர்மானியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அந்தப் பணத்தை ஜெர்மானிய அரசு முன்வந்து கொடுத்தது. அமெரிக்கா பின்னர் திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. “எங்கள் அப்பா காலத்தில் மாதச் சம்பளம் என்றால் அமெரிக்கர், அமெரிக்கர் என்றால் மாதச் சம்பளம். இந்த ஒரு மாதம் எங்களை நிறைய யோசிக்க வைத்துவிட்டது” என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை. தளம் மூடப்பட்டால் அவருடைய விடுதியும் மூடப்படும். தலைநகரங்களில் சுயசார்பு என்று எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்கு, இந்த ஊரில் வாடகை, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்று பல பெயர்கள் இருப்பதை அன்றிரவு புரிந்துகொண்டேன்.

அங்கிருந்து ஆகன் வழியாக மாஸ்டிரிக்ட்டுக்குப் போனேன். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பிறப்பித்த உடன்படிக்கை 1992 பிப்ரவரியில் கையெழுத்தானது இந்த நகரத்தில். அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன், 1944 செப்டம்பரில், நாஜிப் பிடியிலிருந்து அமெரிக்கப் படைகள் இதை மீட்டன. நகரத்திலிருந்து பேருந்தில் கிழக்கே சிறிது நேரம் போனால், சரிந்து கிடக்கும் புல்வெளிகளுக்கு நடுவே மார்க்ராட்டன் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம் வருகிறது. 8,000-க்கும் மேற்பட்ட வெள்ளைச் சலவைக்கற்கள் வளைவு வளைவாக நிற்கின்றன. உடல் கிடைக்காத 1,722 பேரின் பெயர்கள் முகப்புச் சுவர்களில் இருக்கின்றன.

இந்தத் தோட்டத்தைப் போல் இன்னொன்றை நான் கண்டதில்லை. இங்கே இருக்கும் ஒவ்வொரு கல்லறையையும் ஒரு குடும்பம் தத்தெடுத்திருக்கிறது. 1945-இல் தொடங்கிய வழக்கம் இது. தத்தெடுக்க விரும்பிக் காத்திருப்போரின் பட்டியலும் உண்டு. அந்த வீரனின் நினைவு நாளில் பூவோடு வருவதும், கடலுக்கு அப்பால் இருக்கும் அவன் வீட்டாருக்குக் கடிதம் எழுதுவதும் அவர்களின் பொறுப்பு. மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, பூச்சூட்டிப் படையலிட்ட மரபில் வந்த எனக்கு இது அந்நியமாகவே படவில்லை.

1944 குளிர்காலத்தில் இந்தக் குழிகளைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்க வீரர்கள். மழையிலும் சேற்றிலும் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு, நாள்தோறும் வந்துசேர்ந்த உடல்களை அவர்கள் புதைத்தார்கள். சமத்துவத்துக்காகப் போரிட்ட படைக்குள்ளேயே அவர்கள் வெள்ளையரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். கறுப்பின வீரர்கள் 170-க்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தோட்டத்திலேயே உறங்குகிறார்கள். தோட்டத்தை நிர்வகிப்பது அமெரிக்க அரசின் ஆணையம். அதன் பார்வையாளர் மையத்தில் கறுப்பின வீரர்களைப் பற்றி வைக்கப்பட்டிருந்த இரண்டு விளக்கப் பலகைகள் 2025-இல் அகற்றப்பட்ட செய்தி, நான் போவதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெளிவந்து பெரும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. உள்ளூர் நிர்வாகமும் மாகாணத் தலைவர்களும் அவற்றைத் திரும்ப வைக்கும்படி கேட்டார்கள். அமெரிக்க வீரர்களின் நினைவை அமெரிக்க அரசிடமிருந்து காக்க டச்சுக் கிராமத்தார் எழுந்து நிற்கும் காட்சியில், இந்த உறவின் முழு மாற்றமும் எனக்குத் தெரிந்தது. நன்றி அரசுகளுக்கு உரியதாக இருந்திருந்தால் அது இந்த ஆண்டோடு தீர்ந்திருக்கும். இவர்களின் நன்றி குழியில் கிடக்கும் இளைஞனுக்கும் அவனுக்குக் குழி வெட்டியவனுக்கும் உரியது.

வரிசைகளுக்கு நடுவே, எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மையார் ஈரத்துணியால் ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லில் பெயரும் பதவியும் படைப்பிரிவும் மாநிலமும் இறந்த நாளும் இருந்தன. பிறந்த நாள் இல்லை. இங்கே எந்தக் கல்லிலும் இல்லை. நான் அதைக் கேட்டபோது, “அது எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது. அவனுடைய தாய் என் அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அதைத் தெரிவித்திருந்தார். இன்று அவனுக்குப் பிறந்த நாள்” என்றார். அமெரிக்காவைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, தம் பேரன் நெதர்லாந்துப் படையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். இந்தக் கல்லறையை யார் பெயருக்கு மாற்றுவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். அந்தப் பேரனே கேட்டிருக்கிறான். பிறகு துணியைப் பிழிந்து மடித்து வாளியில் போட்டு, கல்லின் அடியில் வைத்திருந்த பூக்கள் காற்றில் பறக்காதபடி தண்டுகளை ஈரமண்ணுக்குள் அழுத்திவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.