மாதிரிப் பைக்குள்ளும் நிற்காத சுழற்சி

மண் கார்பனை அளக்கும் ஆய்வகத்துக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒரே வரிதான். இந்த நிலத்தில் அங்ககக் கார்பன் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன்) எவ்வளவு? விடையும் ஒற்றை எண்ணாகவே போகிறது: 0.58 சதவீதம், 1.2 சதவீதம் என்று. ஆனால் அந்த எண்ணைச் சரியாக எடுப்பது லேசான வேலை இல்லை. அளக்கும் பொருள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதே காரணம். இலை காற்றிலிருந்து எடுத்தது வேருக்கும் சருகுக்கும் போகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சாக வெளியே விடுகின்றன. அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு கணத்தைத்தான் நாம் பிடிக்கிறோம். இந்தப் பணியில் நேரும் பிழைகளில் பாதிக்கு மேல் அதை மறப்பதால் வருபவை.

ஓட்டத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். நிலத்துத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் ஆண்டுக்குச் சுமார் 120 கிகா டன் (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்) கார்பனை எடுக்கின்றன. ஏறக்குறைய பாதியைத் தாவரங்களே மூச்சாகத் திருப்பி விடுகின்றன. மீதியில் பெரும்பங்கு மண்ணின் உயிர்கள் வழியாக வெளியேறுகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் சேர்வது ஆண்டுக்குச் சுமார் 10 கிகா டன். 120 வந்து ஏறக்குறைய 120 போகும் இடத்தில் 10 பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் அது ஒருவழிப் பயணம். எரித்த வேகத்தில் திரும்பிப் போக இடமில்லை. 1958இல் அறிவியலாளர் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த வரைகோட்டில் ஆண்டுதோறும் சுமார் 6 பங்கு ஏறி இறங்கும் பற்கள், வடகோளத் தாவரங்கள் கோடையில் இழுத்துப் பின்பு விடும் மூச்சு. மண்ணின் மேல் 1 மீட்டரில் மட்டும் சுமார் 1,500 கிகா டன் அங்ககக் கார்பன் இருக்கிறது. காற்றில் இருப்பதைவிட அது அதிகம். ஆகவே மண்ணின் எண்ணில் வரும் சிறு பிழைக்கும் எடை உண்டு.

பிழை வயலிலேயே தொடங்குகிறது. ஈர மண்ணை பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்துவிட்டால், உள்ளே நுண்ணுயிர்கள் தம் வேலையைத் தொடரும். கிலோ மண்ணுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கார்பன் மூச்சாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.58 சதவீத மண்ணில் கிலோவுக்கு 5,800 மில்லிகிராம்தான் இருக்கிறது. பத்து நாளில் 200 போய்விட்டால் மூன்று சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். வந்த அன்றே நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 40 டிகிரிக்கு மேல் சூடு ஏறாமல் உலர்த்துவதே வழி. நுண்ணுயிர் நிறையை அளக்க வேண்டிய மாதிரி என்றால் உலர்த்தவே கூடாது. 4 டிகிரியில் வைத்து விரைவில் முடித்துவிட வேண்டும்.

உலர்ந்த மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கும்போது பொறுமை தேவைப்படுவது வேர்த் துணுக்குகளைப் பொறுக்குவதில்தான். தாவரத் திசுவில் ஏறத்தாழ 45 சதவீதம் கார்பன். 1 கிராம் மண்ணில் 1 மில்லிகிராம் வேர் தங்கிவிட்டால் முடிவு 0.045 சதவீதம் ஏறும். இன்னும் மண்ணாக மாறாத வேர் அது. அதைச் சேர்ப்பதா விலக்குவதா என்பது ஆய்வின் நோக்கத்தைப் பொறுத்தது. சேர்த்தால் எல்லா மாதிரியிலும் சேர்க்க வேண்டும், விலக்கினால் எல்லாவற்றிலும் விலக்க வேண்டும். அரைக்க இரும்பு உரல் ஆகாது. இரும்புத் துகள், கார்பனை எரிக்க நாம் சேர்க்கும் டைகுரோமேட்டைக் குடித்துவிட்டு, கார்பன் குடித்தது போலக் கணக்குக் காட்டும்.

1934இல் வெளியான வாக்லி - பிளாக் முறையே இன்னும் பல ஆய்வகங்களின் அன்றாட வழி. 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த 1 கிராம் மண்ணை 500 மில்லி கூம்புக் குடுவையில் எடுத்து, 1 நார்மல் (கரைசலின் வலுவைக் குறிக்கும் அலகு) பொட்டாசியம் டைகுரோமேட் 10 மில்லி சேர்த்துச் சுழற்ற வேண்டும். அடர் கந்தக அமிலம் 20 மில்லியை விரைவாக ஊற்றி, ஒரு நிமிடம் சுழற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். அடுப்பே இல்லை, அமிலம் கலக்கும்போது எழும் சுமார் 120 டிகிரிச் சூடுதான் கார்பனை எரிக்கிறது. குளிர்ந்த கல் மேடையில் குடுவையை வைத்தால் சூடு இறங்கி, எரிவது குறையும். அதனால் சூடு கடத்தாத பலகைமேல் வைக்கிறோம். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாலும் இதே கதிதான். பின்பு 200 மில்லி நீர், 10 மில்லி பாஸ்பாரிக் அமிலம், நிறங்காட்டியாக 1 மில்லி டைபினைல் அமீன் சேர்த்து, 0.5 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் டைட்ரேஷன், அதாவது நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு, எஞ்சிய டைகுரோமேட்டை அளப்பது. ஊதா நிறம் சட்டென்று பளிச்சென்ற பச்சையாக மாறும் இடமே முடிவு.

அமிலம் ஊற்றியதுமே முழுக்கப் பச்சையானால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். மண்ணின் அளவைப் பாதியாகவோ கால்பங்காகவோ குறைத்து மறுபடி செய்ய வேண்டும். டைகுரோமேட்டில் 8 மில்லிக்கு மேல் செலவாகியிருந்தாலும் அந்த முடிவை நம்பக் கூடாது. ஃபெரஸ் கரைசல் காற்றுப் பட்டு நாளுக்கு நாள் வலு இழக்கும். மண் இல்லாத வெற்றுக் குடுவையை ஒவ்வொரு நாளும் ஓட்டாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. உவர் மண்ணில் குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழிக்கும் என்பதால் அமிலத்தில் வெள்ளி சல்பேட் சேர்க்கிறார்கள். கழிவு நீரில் எஞ்சும் ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கி, சுண்ணாம்பால் வீழ்படிவாக்கித் தனியே சேர்த்து வைப்பது அன்றைய வேலையின் பகுதியே. சாக்கடையில் ஊற்றிவிட்டுச் சுற்றுச்சூழலுக்காக உழைக்கிறோம் என்று சொல்ல முடியாது.

கணக்கைப் பார்ப்போம். வெற்றுக் குடுவைக்கு 20.0 மில்லி, மண்ணுக்கு 17.0 மில்லி என்றால் வேறுபாடு 3.0. அதை 0.5 நார்மலாலும் 0.003 கிராமாலும் (1 நார்மல் கரைசலின் ஒரு மில்லிக்கு ஈடான கார்பன்) பெருக்க 0.0045 கிராம், அதாவது 0.45 சதவீதம். இம்முறை சராசரியாக 77 சதவீதக் கார்பனையே எரிப்பதாகக் கொண்டு 1.3ஆல் பெருக்க, 0.585 சதவீதம். கரைசலை விடும் அளவுக் குழாயான பியூரெட்டின் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி, அது கூடினால் முடிவு கிட்டத்தட்ட 0.01 சதவீதம் மாறும். இதை ஹெக்டேருக்கு மாற்றும்போதுதான் அதன் கனம் தெரியும். சதவீதம், மண்ணின் பருமன் அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் உலர் எடை, கிராமில்), சென்டிமீட்டரில் ஆழம் மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் கார்பன் என்பது வரும். அடர்த்தி 1.3, ஆழம் 30 என்றால் 0.585 × 1.3 × 30 என்பது 22.8 டன். ஒரு சொட்டு என்பது 0.38 டன். 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டில் முன்வைக்கப்பட்ட ‘ஆயிரத்துக்கு நான்கு’ முயற்சி, மண் கார்பனை ஆண்டுக்கு 0.4 சதவீதம் உயர்த்தச் சொல்கிறது. இந்த நிலத்தில் அது 0.09 டன். ஆய்வகத்தில் தவறிய ஒரே சொட்டு, உழவர் நான்கு ஆண்டு பாடுபட்டுச் சேர்ப்பதை இருப்பதாகவோ இல்லாததாகவோ காட்டிவிடும். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை அளப்பதும், முடிவு தெரிந்த ஒரு ஒப்பீட்டு மண்ணும் ஒவ்வொரு தொகுதியிலும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

அடர்த்தி இன்னொரு பொறி. எடுத்த உருளையின் கனஅளவு தெரிந்த மண்ணை 105 டிகிரியில் எடை நிலைக்கும் வரை உலர்த்தி எடுப்பது அது. டிராக்டர் ஓடி மண் இறுகி, 1.3 என்பது 1.5 ஆனால் அதே 0.585 சதவீதத்துக்கு 26.3 டன் வந்து நிற்கும். ஒரு கிராம் கார்பன்கூடச் சேரவில்லை. முன்பு 30 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்த மண் இப்போது கணக்குக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆழத்தை வைத்து ஒப்பிடாமல் சம நிறை மண்ணை வைத்து ஒப்பிடுவதே நேர்மையானது. உழாத நிலத்தில் கார்பன் கூடிவிட்டது என்ற அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

உலர் எரிப்புக் கருவி 950 டிகிரிக்கு மேல் எல்லாவற்றையும் எரித்து கார்பன் டை ஆக்சைடை நேராக அளக்கிறது. துல்லியம் அதிகம். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் கார்பனேட்டும் சேர்ந்து எரியும். ஒரு துளி நீர்த்த அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்து, நுரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் வைத்துக் கார்பனேட்டை முதலில் நீக்க வேண்டும். கரித்துண்டு நிறைந்த மண்ணில் இரண்டு முறைகளும் வெகுதூரம் விலகும். டைகுரோமேட் கரியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால் பழைய முடிவையும் புதிய முடிவையும் முறை பாராமல் அருகருகே வைக்கக் கூடாது.

இருப்பை அளப்பது ஒரு பாதி. வெளியேறும் வேகத்தை அளந்தால்தான் சுழற்சி கண்ணுக்குத் தெரியும். 1 லிட்டர் மூடியுள்ள குடுவையில் 50 கிராம் மண்ணை நீர்ப்பிடிப்புத் திறனில் 60 சதவீத ஈரத்தில் வைத்து, உள்ளே ஒரு சிறு புட்டியில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வைத்து, 25 டிகிரியில் அடைத்துவிடுகிறோம். மண் விடும் மூச்சு அந்தக் காரத்தில் பிடிபடும். பேரியம் குளோரைடு மிகையாகச் சேர்த்துக் கார்பனேட்டை வீழ்த்தி, எஞ்சிய காரத்தை ஃபினால்ப்தலீன் நிறங்காட்டி வைத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் செய்ய வேண்டும். மெத்தில் ஆரஞ்சு வைத்தால் வீழ்படிவும் கரைந்து கணக்கு கெடும். வெற்றுக் குடுவையோடு ஒப்பிட, 1 நார்மலில் ஒவ்வொரு மில்லி வேறுபாடும் 6 மில்லிகிராம் கார்பன். சில நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சிஜன் குறைந்து மூச்சும் மந்தமாகும்.

உலர்ந்த மண்ணை நனைத்ததும் முதல் ஓரிரு நாள் மூச்சு பாய்ந்து எழும். 1958இல் பிர்ச் என்ற ஆய்வாளர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் விளைவு அது. அந்த வேகத்தை ஆண்டு முழுதுக்கும் பெருக்கிவிட்டால் மண்ணே காலியாகிவிடும் போன்ற எண் வரும். ஒரு வாரம் முன்னோட்டமாக ஈரத்தில் வைத்த பிறகே அளக்கத் தொடங்குவது நல்லது.

வைக்கோலை மண்ணில் சேர்ப்பவர்கள் எதிர்பார்ப்பதும் கிடைப்பதும் வேறு. 5 டன்னில் கார்பன் சுமார் 2 டன். ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்குப் போய்விடும். இது நட்டமில்லை, அந்த மூச்சில்தான் பயிருக்கான சத்துகள் விடுபடுகின்றன. ஆனால் உடனே விடுபடா. வைக்கோலில் கார்பனும் நைட்ரஜனும் 80க்கு 1, நுண்ணுயிர் உடலில் 8க்கு 1. 100 பங்கு கார்பனில் 33 பங்கை உடலாக்கினால் நைட்ரஜன் 4 பங்கு தேவை. வைக்கோலில் இருப்பது 1.25 பங்கு. மீதியை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், அப்போதுதான் பயிர் மஞ்சளாகிறது. 20க்கு 1 உள்ள பசுந்தாளில் 5 பங்கு இருப்பதால் மிச்சம் மண்ணுக்கு வரும்.

நீர் தேங்கிய மண்ணில் பாதையே மாறும். ஆக்சிஜன், நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாகத் தீர்ந்தபின் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் வேலையைத் தொடங்கும். அதை அளக்கும் மூடுபெட்டிக்குள் செடியும் இருக்க வேண்டும், ஏனெனில் வாயுவில் பெரும்பகுதி தண்டின் காற்றுக்குழல் வழியாகவே ஏறுகிறது. 0, 10, 20, 30 நிமிடங்களில் ஊசிக்குழலால் எடுக்கும் மாதிரிகள் ஒரே நேர்கோட்டில் ஏறாமல் முதலிலேயே துள்ளினால், யாரோ அருகே காலை ஊன்றிக் குமிழிகளைக் கிளப்பியிருக்கிறார்கள். பலகை நடைபாதை இல்லாமல் சேற்றில் இறங்கி எடுத்த தரவை நீக்கிவிட வேண்டும்.

வந்த கார்பன் எது, முன்பே இருந்தது எது என்று பிரிக்க ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை) உதவுகிறது. பெரும்பாலான மரங்களின் கார்பன்-13 அளவு, ஒப்பீட்டுத் தரத்தோடு பார்க்க, ஆயிரத்துக்கு மைனஸ் 27 அளவில், மக்காச்சோளம், கரும்பு மைனஸ் 13 அளவில். காடழித்து மக்காச்சோளம் போட்ட நிலம் இப்போது மைனஸ் 20 காட்டினால் பாதி புதிது, பாதி காட்டினுடையது. அருகே அழியாமல் நிற்கும் காட்டு மண்ணை ஒப்பீட்டுக்கு எடுக்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது; மக்கும்போதே, ஆழம் போகப் போக, அந்த எண் தானாகச் சற்று உயரும்.

இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843 முதல் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் பெற்றுவரும் பாத்தியில் கார்பன் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஏற்றம் தணிந்து சமநிலையை நெருங்கியது. உரம் நிற்கவில்லை, வெளியேறும் வேகம் உள்ளே வரும் வேகத்தைப் பிடித்துவிட்டது. அங்கே பழைய மண் மாதிரிகள் உலர்ந்த நிலையில் காக்கப்படுவதால்தான் இத்தனை தெளிவாகப் பேச முடிகிறது. எந்த ஆய்வகமும் செய்யக்கூடியது இது. ஒவ்வொரு மாதிரியிலும் 200 கிராமை உலர்த்தி, மூடி, இடமும் ஆழமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டோடு இருட்டில் வைக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டு கழித்து அதே பருவத்தில் அதே ஆழத்தில் புது மாதிரி எடுத்து, பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே கையால் டைட்ரேஷன் செய்ய வேண்டும்.