கேம் பாய் பிழைத்தது: மூன்று வாரம் ஆட்டிவைத்த ஸ்விட்ச்

மூன்று வாரமாக மேசையில் பிரிந்து கிடந்த கேம் பாய் நேற்று ராத்திரி ‘டிங்’ என்றது. நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி அது; 1989-இல் வந்த முதல் மாடல், நாலு டபுள் ஏ செல் போடுகிற சாம்பல் நிறக் கட்டி. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

கைக்கு வந்தபோது பேட்டரி அறையில் பழைய செல்கள் அப்படியே இருந்தன. ஒன்று ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் மைனஸ் பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி, பக்கத்துத் தகட்டில் பச்சையும் நீலமுமாகக் களிம்பு. அல்கலைன் செல் ஒழுகினால் பெரும்பாலும் மைனஸ் முனையில்தான் ஒழுகும், சீல் அங்கேதான் இருக்கிறது. வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டு வைத்ததும் நுரைத்துக்கொண்டு கரைந்தது. அப்புறம் தண்ணீர், அதற்கப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். வினிகர் மிச்சம் இருந்தால் அதுவும் உலோகத்தைத் தின்னும், அதனால் இந்த இரண்டாம் கழுவலை நான் விடுவதே இல்லை.

ஸ்பிரிங்கில் நிக்கல் பூச்சு போய்த் துரு தெரிந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் கொஞ்ச நாளில் மறுபடி துரு ஏறும் என்பதால் புதுத் தகடு செட் வாங்கிப் போட்டேன். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாடலுக்கும் 1996-இல் வந்த ‘கேம் பாய் பாக்கெட்’ மாடலுக்கும் தகடு வேறு. பாக்கெட் இரண்டு டிரிபிள் ஏ செல்லில் ஓடுவது. இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்பவர் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், படத்தைப் பெரிதாக்கி வடிவத்தைப் பாருங்கள்.

புதுத் தகடு, புதுச் செல். ஸ்விட்சைத் தள்ளினேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று வந்து, மெல்ல மங்கி, அணைந்துவிட்டது. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டாலும் அதே கதை.

இங்கேதான் மூன்று வாரம் போனது. மல்டிமீட்டர் வைத்தால் செல் முனையில் 6.3 வோல்ட். போர்டுக்கு வரும் ஒயரிலும் 6.3. ஸ்விட்சை மட்டும் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் மீட்டர் சத்தம் போடும் சோதனை) வைத்துப் பார்த்தேன், பீப் வந்தது. சரி, ஸ்விட்ச் நல்லது என்று முடிவு கட்டி, செல்லின் மின்சாரத்தைக் கருவிக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றும் பவர் போர்டின் மேல் சந்தேகப்பட்டேன். அதிலிருந்த கெபாசிட்டர்களை மாற்றினேன். மாற்றமே இல்லை.

நான் அளந்த விதமே தப்பு. மின்னோட்டம் ஓடாத நேரத்தில் அளந்தால் மோசமான இணைப்பும் யோக்கியமாகத்தான் தெரியும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை, அதனால் வோல்டேஜ் விழாது. கேம் பாயோ சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. அதோடு பவர் போர்டு எப்படியாவது 5 வோல்ட்டைக் கொடுத்துவிடப் பார்க்கும். உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் மின்னோட்டத்தை இன்னும் அதிகமாக இழுக்கும், அதிகமாக இழுத்தால் மோசமான இணைப்பில் இன்னும் வோல்டேஜ் விழும். அந்தச் சுழலில் சிக்கித்தான் விளக்கு பளிச்சென்று வந்து மங்கியிருக்கிறது.

ஆகவே கருவியை ஆன் செய்து, மீட்டரின் ஒரு முனையை ஸ்விட்சுக்குள் போகும் காலிலும் மறுமுனையை வெளியே வரும் காலிலும் வைத்தேன். நல்ல ஸ்விட்சாக இருந்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 1 வோல்ட்டில் ஆரம்பித்து, விளக்கு மங்க மங்க 3-ஐத் தாண்டிப் போனது. செல் தருவதில் பாதி ஸ்விட்சுக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தது!

கான்டாக்ட் கிளீனர் ஊற்றி ஐம்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினேன். 1 வோல்ட் 0.6 ஆனது, மறுநாள் காலையில் பழையபடி. இனி பிரித்தால்தான் ஆகும் என்று ஸ்விட்சைப் போர்டிலிருந்து கழற்றினேன். பழைய சால்டர் சீக்கிரம் இளகாது. புதுச் சால்டர் கொஞ்சம் சேர்த்து, சால்டர் நன்றாக இளகி ஓட உதவும் ஃபிளக்ஸைத் தாராளமாக வைத்து, ஒவ்வொரு காலாக உறிஞ்சி எடுத்தேன். அவசரப்பட்டால் போர்டின் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும்.

மேல் தகட்டின் மடிப்புகளைப் பிளேடு நுனியால் நிமிர்த்தினால் உள்ளே நகத்துண்டு அளவில் வழுக்கும் தகடுகள். அவை நிற்கிற இடமெல்லாம் கறுத்து, பழைய கிரீஸ் பசையாகி அதில் தூசி அப்பியிருந்தது. உப்புத்தாள் போடவில்லை, மேல்பூச்சு போய்விடும். ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டை நடுவில் விட்டு இழுத்தேன். முதல் இழுப்பில் காகிதம் கரியாக வந்தது, பத்தாவது இழுப்பில் வெள்ளையாக. தகடுகளை ஒரு இம்மி நிமிர்த்தி அழுத்தம் கூட்டி, மூடி மடித்து, மறுபடி சால்டர் செய்தேன். இப்போது ஸ்விட்சின் இரு பக்கமும் அளந்தால் 0.02 வோல்ட்.

செல் ஒழுகிய எந்தக் கேம் பாய் கைக்கு வந்தாலும் இனி இந்த அளவைத்தான் முதலில் எடுப்பேன். சார்ஜ் செய்கிற நிக்கல் செல் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாலு செல் சேர்ந்தாலும் 4.8 வோல்ட்தான், அதில் ஸ்விட்சுக்குத் தானம் கொடுக்க எதுவும் இல்லை.

கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் போட்டால் திரையில் கறுப்புப் பட்டை இறங்கி வந்து நிற்கிறது, அது சரிதான். கார்ட்ரிட்ஜ் போட்டும் முதலில் அதே பட்டை வந்தது. கார்ட்ரிட்ஜின் பின்களை ஆல்கஹாலால் துடைத்ததும் நின்டெண்டோ என்ற எழுத்து தெளிவாக இறங்கியது. அந்தக் கார்ட்ரிட்ஜில் சேவ் (ஆடியவரை சேமித்தது) நிற்கவில்லை, உள்ளே இருக்கிற காசு பேட்டரி போயிருக்கும். அதைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் ஸ்க்ரூடிரைவர் பிட் வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன்.

பின் மூடியை இன்னும் திருகவில்லை. திரையில் இடது ஓரமாக இரண்டு செங்குத்துக் கோடுகள் வரவில்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள ரிப்பனை (திரையைப் போர்டோடு இணைக்கும் பட்டையான கேபிள்) அயர்னால் மெல்லச் சூடாக்கி ஒட்டவைக்க வேண்டும். ரிப்பன் மேல் உள்ள ரப்பர் பட்டை வெந்துவிடாமல் இருக்க அயர்ன் நுனிக்கு ஒரு சிலிக்கோன் துண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை மூடாமலே, மேசை மேல் வைத்து, இரண்டு கோடு குறைவாக ஆடிக்கொண்டிருக்கிறேன்.