சூப்பர்கெப்பாசிட்டர் வைவாவுக்குப் போகிறவர்களுக்கு

போன வாரம் என் பிஎச்டி பப்ளிக் வைவா (தீசிஸை எல்லோர் முன்னாலும் விளக்கும் வாய்மொழித் தேர்வு) முடிந்தது, பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் ஆய்வு சூப்பர்கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தை வேகமாகச் சேமித்து வேகமாகத் தரும் சாதனம்) எலக்ட்ரோடு பற்றியது: நிக்கல் ஃபோமில் (பஞ்சு போல ஓட்டைகள் உள்ள நிக்கல்) வளர்த்த நிக்கல் கோபால்ட் ஆக்சைடு நானோ ஊசிகள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில். வெறும் கார்பனில் வேலை செய்பவர்களுக்குக் கடைசிப் பகுதி மட்டும் போதும்.

எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படங்களை அழகாக அடுக்குவதிலேயே எல்லோருக்கும் நேரம் போய்விடுகிறது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை, நேராக டிஸ்சார்ஜ் கோடு (மின்னூட்டம் வெளியேறும்போது நேரத்தோடு வோல்ட்டேஜ் இறங்குவதைக் காட்டும் கோடு) இருந்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னார். கோடு சரிவாக இறங்காமல் நடுவில் படுத்து, அப்புறம் சட்டென்று விழும் இடத்தைக் காட்டி, "ஏம்மா, இது கெப்பாசிட்டரா பேட்டரியா?" என்றார். என் வைவாவே அந்தக் கேள்விதான்.

"பேட்டரி வகை சார், அதனால்தான் ஃபாரட்டில் தராமல் கூலூமில் தந்திருக்கிறேன்" என்றேன். போர்டில் போட்டுக் காட்டச் சொன்னார். கிராமுக்கு 1 ஆம்பியரில் 400 விநாடி ஓடினால் வந்த மின்னூட்டம் 400 கூலூம், அதாவது சுமார் 111 மில்லி ஆம்பியர்-மணி. அதை வோல்ட்டேஜ் இறங்கிய வீச்சான 0.5 வோல்ட்டால் வகுத்தால் 800 ஃபாரட். படுத்த பகுதியை உள்ளேயே வைத்துக்கொண்டு வீச்சை 0.4 வோல்ட்டாகச் சுருக்கினால் கிட்டத்தட்ட 1000 ஃபாரட்! பொருளும் அதே, மின்னூட்டமும் ஏறக்குறைய அதே, எண் மட்டும் ஏறிவிடுகிறது. கோடு நேராக இறங்கினால்தான் அந்த வகுத்தலுக்கே அர்த்தம் உண்டு. ருத்தேனியம் ஆக்சைடிலும் மாங்கனீஸ் டை ஆக்சைடிலும் சிவி (வோல்ட்டேஜை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் வரைபடம்) ஏறத்தாழ செவ்வகமாக வரும், அங்கே ஃபாரட் சொல்லலாம். 2015-இல் புரூஸ், பெலாஞ்சே, லாங் மூவரும் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான், வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னுடைய இதே முடிவுகளை ஒரு ஜர்னல் "ஃபாரட் மதிப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பியது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு மனப்பாடம் ஒத்துவராது, கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும். அதனால் தீசிஸில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் மூல டேட்டாவிலிருந்து காகிதத்தில் மறுபடி போட்டுப் பார்த்தேன். மாக் வைவாவை விட இதுதான் கைகொடுத்தது.

மற்றவை:

- வெறும் நிக்கல் ஃபோமின் சிவி கையில் இருக்கட்டும். காரக் கரைசலில் ஃபோமே மின்னூட்டம் தரும், கட்டாயம் கேட்பார்கள்.
- சமச்சீர் செல்லில் (இரண்டு எலக்ட்ரோடும் ஒரே மாதிரி) மொத்த எடையில் கிராமுக்கு 50 ஃபாரட் என்றால் ஒற்றை எலக்ட்ரோடுக்கு 200. இந்த 4 மடங்கு ஏன் என்று படம் போட்டு விளக்கத் தெரிய வேண்டும்.
- ஐஆர் டிராப்பை (டிஸ்சார்ஜ் தொடங்கியதும் செல்லின் மின்தடையால் சட்டென்று விழும் வோல்ட்டேஜ்) கழித்துவிட்டுத்தான் கணக்கு.
- வணிக செல்களில் சதுர செ.மீ.க்கு 10 மி.கி. அளவில் எலக்ட்ரோடுப் பொருளைப் பூசுகிறார்கள். உங்களுடையது 1 மி.கி. என்றால் அவற்றோடு ஒப்பிட்டுப் பெருமை பேச வேண்டாம்.
- எந்தத் தராசில் எடை போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். நாலு தசமத் தராசில் கடைசி இலக்கம் 0.1 மி.கி., 1 மி.கி. பூச்சில் அதுவே 10 சதவீதம். ஐந்து தசமத் தராசு இருக்கும் லேபைத் தேடிப் பிடியுங்கள்.