அம்மா கேட்ட சத்தம்

மே 12, 2024, ஞாயிறு

அம்மாதான் முதலில் கண்டுபிடிச்சா. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலால் வந்து, வெள்ளவத்தையில் எங்கள் பிளட்ஸின் கீழ்த்தளத்தில் காரை நிற்பாட்டப் போகையில், "தம்பி, காருக்குள்ள குக்கர் வைச்சிருக்கிறியோ?" என்றா. விசில் வர முன்னம் ஆவி கசியிற சத்தமாம். காலி வீதியில் பஸ்காரரின் ஹோனுக்கு நடுவே, கண்ணாடியை ஏற்றி ஏசியும் போட்டு ஓடுகிற எனக்கு அது எங்கே கேட்கப் போகிறது? கீழ்த்தளத்துச் சுவரில் பட்டுத் திரும்பியபோதுதான் நானும் கேட்டேன். மெல்லிய, விடாத உஸ்ஸ்.

பொனட்டைத் திறந்து வெறுமனே பார்த்தேன். 2003ஆம் ஆண்டுக் கொரோலா 121. எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

மே 14, செவ்வாய்

கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் பொனட்டுக்குள் தலையைக்கூட நீட்டவில்லை. ஸ்கானரைக் குத்தினார், பி0171 என்று பிழைக் கோட் வந்தது. "ஒக்சிஜன் சென்சர் போயிட்டுது. 38,000 ஆகும்." யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்தக் கோட் சொல்வது, எஞ்சினுக்குள் போகிற கலவையில் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு என்பதைத்தான். அதைக் கண்டு சொன்னதே சென்சர். காய்ச்சலுக்கு தேமாமீற்றரை மாற்றச் சொன்னால் என்ன செய்வது?

மே 16, வியாழன்

ஒஃபிஸ் மச்சானிடம் ஒரு சின்ன ஸ்கானர் இரவல் வாங்கினேன். சும்மா நிற்கும்போது எஞ்சின் கம்பியூட்டர் வழமையை விட 19 வீதம் கூடப் பெற்றோல் ஊற்றுகிறது. அக்சிலேற்றரை மிதித்து நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் வைத்தால் அது 4 வீதத்துக்கு இறங்குகிறது. எஞ்சின் இரைச்சலில் உஸ்ஸும் அமுங்கிப் போகிறது.

இதைப் பார்த்ததும் பாதி விளங்கிவிட்டது. சும்மா நிற்கும்போது, எஞ்சினுக்குள் காற்றை விடுகிற கதவான த்ரொட்டில் மூடியிருக்கும். சிலிண்டர்கள் இழுக்கிற இழுவையில், அவற்றுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற மெனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் மூன்றில் ஒன்றுவரை விழும். எங்காவது ஓட்டை இருந்தால் காற்று அதற்குள்ளால் சீறிக்கொண்டு போகும், ஏர் ஃபில்டரடியில் இருக்கிற, உள்ளே போகிற காற்றை அளக்கிற வேறொரு சென்சர் அந்தக் காற்றை அளந்திருக்காது. த்ரொட்டில் திறந்தால் அதனால் போகிற காற்றுப் பெருகும், ஓட்டைக் காற்று மொத்தத்தில் சிறுபங்காகிவிடும். புகைபோக்கிக் குழாய் கசிந்தால் மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடத்தான் செய்யும். ரேடியேற்றர் மூடி என்றால் எஞ்சினை நிற்பாட்டின பிறகும் கேட்கும்.

மே 19, ஞாயிறு

காலை முழுக்கக் கீழ்த்தளத்தில். எஞ்சினின் இழுவையால் பிரேக்குக்குப் பலம் சேர்க்கிற பிரேக் பூஸ்டரின் ஹோஸ்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். வெள்ளியன்றே அதன் கிளிப்பை இறுக்கிவிட்டு வெற்றி என்றும் நினைத்தேன். இன்று பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், சத்தத்தில் மாற்றமில்லை. ஹோஸைத் துணி சுற்றிக் குறட்டால் நசித்தும் பார்த்தேன், அதே உஸ்ஸ். பாவம், பூஸ்டர் நிரபராதி.

பிறகு மூன்றடி ரப்பர்க் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மற்ற முனையை மெனிஃபோல்டைச் சுற்றி ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனேன். பெல்ட் ஓடுகிற பக்கம் மட்டும் கை போகவில்லை. பிசிவி ஹோஸின் வளைவுக்குக் கீழே போனதும் காதுக்குள் கடல் இரைந்தது. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற போத்தலால் அவ்விடத்தில் ஒரு தெளிப்பு: சத்தம் அறுந்தது, இரண்டு செக்கன் கழித்துத் திரும்பி வந்தது. (பெற்றோல் தெளித்துப் பார்க்கச் சொன்ன மேல்வீட்டு அங்கிளுக்கு ஒரு கும்பிடு. சூடான எஞ்சினில் அது கொள்ளி.)

எஞ்சின் ஆறினபிறகு கழற்றினேன். பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்புகிற குழாய் இது. இருபது வருஷம் எண்ணெய் ஆவி குடித்து, ஊறப்போட்ட பேரீச்சம்பழம் மாதிரிக் கொழகொழத்திருந்தது. வளைவின் அடிப்பக்கம் அரை அங்குல வெடிப்பு. கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் மடித்தால் மீன் வாய் போல் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

மே 20, திங்கள்

கறுப்பு டேப் சுற்றினேன். வேலைக்குப் போய்ச் சேர முன்னமே எண்ணெயில் வழுக்கிக் கழன்றுவிட்டது.

மே 21, செவ்வாய்

கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. மழைத் தண்ணீர் தேங்கின ஒழுங்கையில் நாலாவது கடை. கடைக்கார நானா பழைய ஹோஸை மூக்கருகில் பிடித்து, "எண்ணெய் குடிச்சிட்டு தம்பி" என்றார். இரண்டு வைத்தார். சைனா 600, ஜப்பான் 2,200. "மலிவப் போட்டா எண்ணெய்ல ஊதிப் போகும். பொறகு என்னைத் தேடி வருவீங்க." ஜப்பானே வாங்கினேன். ஹோஸின் முனையில் இருக்கிற பிசிவி வால்வையும் குலுக்கிப் பார்க்கச் சொன்னார், கிலுக்குக் கிலுக்கென்று ஆடினால் நல்லதாம்.

மே 23, வியாழன், வெசாக்

லீவு. பூட்ட இருபது நிமிஷம், அதில் பத்து விழுந்த கிளிப்பைத் தேட. வால்வு கிலுகிலுத்தது, அதை மாற்றவில்லை. கோட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன்.

பின்னேரம் வெளிச்சக்கூடு பார்க்க அம்மாவை ஏற்றிப் போய், எதிர்பார்த்தபடி நெரிசலில் மாட்டிக்கொண்டோம். எஞ்சின் சும்மா ஓடுகிற ஐடிலைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாற்பது நிமிஷம் ஒரே இடம், ஏசியை நிற்பாட்டிக் கண்ணாடிகளை இறக்கியிருந்தோம். சுற்று காட்டுகிற ஊசி 700இல் அசையவில்லை. ஸ்கானரில் 19 வீதம் இருந்த இடத்தில் 3. அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தா என்று நினைத்தேன். அவ, வெசாக்குக்கு இலவசமாகக் கொடுக்கிற தன்சல்காரப் பெடியனிடம் ஐஸ்கிறீமுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தா.