எம்எக்ஸ்870 ஸ்கேனர் லினக்ஸில் வந்துவிட்டது: வழியில் நின்றது போர்ட் 8612

கேனான் பிக்ஸ்மா எம்எக்ஸ்870 என்ற பிரிண்டர்-ஸ்கேனர் இப்போது ஓப்பன்சூசே லினக்ஸில் நெட்வொர்க் வழியாகவே ஸ்கேன் செய்கிறது. தாளைத் தானே இழுக்கும் ஃபீடரில் அடுக்கிய முப்பது தாளும் ஒன்றன்பின் ஒன்றாக டிஃப் கோப்புகளாக வந்து சேர்ந்தன. கம்பெனி டிரைவர் எதையும் இறக்கத் தேவைப்படவில்லை. லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் தொகுப்போடு வரும் பிக்ஸ்மா பேக்எண்டே (டிரைவர் வேலை பார்க்கும் பகுதி) இந்த மாடலை யூஎஸ்பியிலும் நெட்வொர்க்கிலும் பேசவைக்கிறது, ஃபீடரின் இருபக்க ஸ்கேன் உட்பட. இவ்வளவு பழைய மிஷினுக்கு இந்த அளவு ஆதரவு கிடைப்பது பெரிய விஷயம்.

வழியில் வந்த சிக்கல் இதுதான்: பிரிண்ட் ஒழுங்காகப் போகிறது, மிஷினின் ஐபிக்குப் பிங் போகிறது, ஆனால் சேனின் ஸ்கேன் கட்டளையான ஸ்கேன்இமேஜை பெரிய எல் போட்டு ஓட்டினால் ஸ்கேனர் பட்டியல் காலி. இந்த இடத்தில் பலர் சேன்-ஃபைண்ட்-ஸ்கேனரை ஓட்டிப் பார்த்துக் குழம்புகிறார்கள். அது யூஎஸ்பியையும் ஸ்கஸியையும் மட்டும் துழாவும். நெட்வொர்க் ஸ்கேனருக்கு அது சொல்லும் பதிலுக்கு எந்த அர்த்தமும் இல்லை. டிரைவர் தேவைப்படாத ஸ்கேனர்களைத் தேடும் ஏர்ஸ்கேன்-டிஸ்கவரும் ஒன்றும் காட்டாது. அதற்கான இஎஸ்சிஎல் நெறிமுறை இந்த மிஷினுக்குத் தெரியாது, அந்த வழி இதற்குப் பிந்தைய மாடல்களுக்கானது. சூடோ போட்டும் பலனில்லை. யூஎஸ்பி என்றால் குழு அனுமதி, யூடெவ் விதி என்று தேடலாம். நெட்வொர்க்கில் அந்தக் கேள்வியே கிடையாது.

எம்எக்ஸ்870 பேசுவது பிஜேஎன்பி என்ற கேனானின் நெறிமுறை. பிரிண்டுக்குப் போர்ட் 8611, ஸ்கேனுக்கு 8612; ஸ்கேனரைத் தேடும் பேச்சு யுடிபி பாக்கெட்டுகளில் நடக்கிறது. பிரிண்டர் வரிசையில் மிஷினின் ஐபி ஏற்கெனவே எழுதியிருப்பதால் பாக்கெட் நேராக அங்கே போய்விடுகிறது. ஸ்கேனரை மட்டும் பேக்எண்ட் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அது கணினியின் ஒவ்வொரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலும் பிராட்காஸ்ட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கேள்வி, அனுப்புகிறது. நம் பக்கம் 8612-இலிருந்து, எதிர்ப்பக்கம் பிராட்காஸ்ட் முகவரியின் 8612-க்கு.

இதைப் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பில் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒரு டெர்மினலில் யுடிபி 8612-ஐ மட்டும் வடிகட்டி ஓடவிட்டு, இன்னொன்றில் ஸ்கேன்இமேஜைக் கூப்பிட வேண்டும். முதலில் 192.168.1.20 என்ற கணினியிலிருந்து பிராட்காஸ்ட் முகவரியான 192.168.1.255-க்கு ஒரு பாக்கெட் போகிறது. உடனே அடுத்த வரி: ஸ்கேனரின் முகவரியான 192.168.1.40-இலிருந்து 192.168.1.20-க்கு, போர்ட் 8612. பெரிய எக்ஸ் கொடியைச் சேர்த்தால் பாக்கெட்டின் தலையில் பிஜேஎன்பி என்ற நான்கு எழுத்தும் அப்படியே தெரியும். அதாவது ஸ்கேனர் பதில் சொல்லிவிட்டது, பதில் நெட்வொர்க் கார்டு வரைக்கும் வந்தும்விட்டது. ஆனாலும் பட்டியல் காலி!

காரணம், டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது ஃபயர்வாலுக்கு முன்னால். அங்கே தெரிவதெல்லாம் நிரலின் கைக்குப் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. கெர்னலின் கனெக்ஷன் டிராக்கிங், வெளியே போன கேள்விக்கு வரும் பதிலைத் தானாக உள்ளே விடும். ஆனால் கேள்வி போனது 255-க்கு, பதில் வந்தது 40-இலிருந்து. இரண்டும் பொருந்தாததால் அதை அழையாமல் வந்த பாக்கெட்டாக எடுத்துக்கொண்டு ஃபயர்வால் கீழே போட்டுவிடுகிறது. விண்டோஸ் பகிர்வின் நெட்பயாஸ் பெயர்த் தேடலிலும் இதே சிக்கல் உண்டு. அதற்குக் கெர்னலில் தனி உதவி மாட்யூல் இருக்கிறது. பிஜேஎன்பிக்கு அப்படி எதுவும் இல்லை.

ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் இதே ஸ்கேனர் எதுவும் செய்யாமலே வருவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அதன் இயல்பு ஸோனில் (ஃபயர்வால் விதிகளின் தொகுப்பு) 1025 முதல் மேலே உள்ள போர்ட்டுகள் திறந்தே இருக்கும். உபுண்டுவில் அதன் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ இயல்பாக அணைந்திருக்கும். ஓப்பன்சூசேயில் இன்டர்ஃபேஸ் பப்ளிக் ஸோனில் உட்காரும், அங்கே 8612 மூடியிருக்கும். "அந்த டிஸ்ட்ரோவில் வேலை செய்தது, இதில் செய்யவில்லை" என்று பேக்எண்டின் பதிப்பைத் தோண்டும் முன் இதைப் பாருங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி, இரண்டும் ஓடுகின்றன.

முதல் வழி, போர்ட்டைத் திறப்பது. ஃபயர்வால்-சிஎம்டியில் ஸோனைக் குறிப்பிட்டு, பெர்மனென்ட்டோடு ஆட்-போர்ட் என்று 8612/யுடிபி கொடுத்து, பிறகு ரீலோட். ரீலோடை விட்டுவிட்டால் விதி கோப்பில் மட்டும் இருக்கும், ஓடுகிற ஃபயர்வாலுக்கு வராது. எந்த ஸோன் நடப்பில் இருக்கிறது என்பதையும் கெட்-ஆக்டிவ்-ஸோன்ஸ் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஹோம் ஸோனில் திறந்துவிட்டு வைஃபை பப்ளிக்கில் இருந்தால் ஒன்றும் மாறாது. யுஎஃப்டபிள்யூ என்றால் 192.168.1.0/24-இலிருந்து 8612-க்கு வரும் யுடிபியை மட்டும் அனுமதித்தால் போதும். ஃபயர்வாலையே நிறுத்திவைக்கும் யோசனை வேண்டாம். ஒரு போர்ட்டுக்காக வீட்டுக் கதவையெல்லாம் திறந்துபோட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, தேடலையே தவிர்ப்பது. எட்சி அடைவில் சேன்.டி-க்குள் இருக்கும் பிக்ஸ்மா.கான்ஃப் கோப்பில் பிஜேஎன்பி://192.168.1.40 என்று ஒரு வரி. இப்போது கேள்வி நேராக 40-க்குப் போகிறது, பதிலும் 40-இலிருந்தே வருகிறது. டிராக்கிங் பொருத்திப் பார்த்து உள்ளே விட்டுவிடும், போர்ட்டைத் தொடவே வேண்டாம். ஆட்டோ_டிடெக்ஷன்=நோ என்றும் சேர்த்தால் பிராட்காஸ்ட் நின்று பட்டியல் சட்டென்று வரும். ஸ்கேனர் வேறு சப்நெட்டில் இருந்தால் இது ஒன்றுதான் வழி, பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. வைஃபை மந்தமாக இருந்தால் முகவரியின் வாலில் /டைம்அவுட்=5000 சேர்க்கலாம், அளவு மில்லிசெகண்டில். இந்த இரண்டாவது வழியே என் தேர்வு. ஒரே நிபந்தனை, ஐபி மாறக்கூடாது. ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டுவிட வேண்டும். அதில் கேட்கும் எம்ஏசி முகவரி கம்பிக்கும் வைஃபைக்கும் வேறு வேறு, எது ஓடுகிறதோ அதைப் போடுங்கள்.

வைஃபை பற்றி ஒரு வார்த்தை. இந்த மிஷினுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், பி/ஜி மட்டும்தான் தெரியும். ரவுட்டரை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் இது சேராது, டபிள்யூபிஏ2-க்கு இறக்க வேண்டும். கெஸ்ட் நெட்வொர்க்கிலும் வேண்டாம். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி பிரித்து வைத்திருப்பார்கள். பின்னால் ஈதர்நெட் சொருகும் இடம் இருக்கும்போது கேபிளே மேல். மெனுவில் ஒயர்டு லேனுக்கு மாற்ற மறக்காதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது.

ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய மிஷின் பார்க்கிறவர்கள் பிரிண்டைவிட ஃபீடரைச் சோதித்து வாங்குங்கள். பத்துத் தாள் வைத்து இரண்டு முறை இழுக்கவிட்டால் ரோலர் வழுவழுப்பாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். ஃபீடரில் மட்டும் பக்கம் முழுக்க ஒரு நேர்கோடு விழுந்தால் கோளாறு சென்சாரில் இருக்க வாய்ப்புக் குறைவு. கண்ணாடியின் ஓரத்தில் ஃபீடருக்கென்று இருக்கும் ஒல்லியான பட்டையில் ஒரு புள்ளி அழுக்கு ஒட்டியிருக்கும். தாள் நகர, சென்சார் அசையாமல் நிற்பதால் அந்தப் புள்ளி கோடாக நீளுகிறது. நூல் விடாத துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போகும்.

ஸ்கேனுக்கு இப்போதைய அமைப்பு: 300 டிபிஐ, கிரே, அகலம் 210, உயரம் 297 மில்லிமீட்டர், சோர்ஸில் ஃபீடர், பேட்ச் முறை, டிஃப். ஏ4 பக்கம் 2480 × 3508 பிக்சல், கிரேயில் சுமார் 8.7 எம்பி, வண்ணத்தில் அதைப்போல மூன்று மடங்கு. கடைசியில் தாள் தீர்ந்தது என்று வரும் செய்தி பிழை இல்லை, பேட்ச் முடிவதே அப்படித்தான். பிறகு இமேஜ்2பிடிஎஃப்பில் ஒன்றாக்கி, ஓசிஆர்மைபிடிஎஃப்பை, எழுத்தைப் படிக்கும் டெஸராக்டின் தமிழ், ஆங்கிலம் இரண்டு தரவோடும் ஓட்டினால் தேடக்கூடிய பிடிஎஃப். சாய்வை நேராக்கும் டீஸ்க்யூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஃபீடர் தாளைக் கொஞ்சம் சாய்த்தே இழுக்கிறது.

அடுத்து மிஷினின் பட்டன். பேக்எண்டில் பட்டன்-கன்ட்ரோல்டு என்ற விருப்பம் இருக்கிறது. அதை இயக்கினால் ஸ்கேன் உடனே தொடங்காமல் கலர் பட்டனை அமுக்கும்வரை காத்திருக்கும். இதை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் எப்போதும் ஓடவிட்டால் தாளை வைத்துப் பட்டனைத் தட்டினாலே போதும், கணினிப் பக்கம் போக வேண்டாம். அதே குட்டிக் கணினியில் ஸ்கேனரை நெட்வொர்க்கில் பகிரும் சேன்டியையும் ஏற்றி மற்றக் கணினிகளுக்கும் ஸ்கேனரைக் கொடுக்கும் எண்ணம் இருக்கிறது. அங்கேயும் ஃபயர்வால்தான் முதல் வேலை. பேச்சு டிசிபி 6566-இல் நடக்கும், ஆனால் படத் தரவுக்கு சேன்டி ஒவ்வொரு முறையும் வேறொரு போர்ட்டைத் திறக்கும். சேன்டி.கான்ஃபில் டேட்டா_போர்ட்ரேஞ்சை 10000 - 10100 என்று கட்டிப்போட்டு, அந்த வரம்பை மட்டும் திறந்துவிட வேண்டும்.