ஊசிப் பாதைத் திட்டம்: திரையில் சரி, மேசையில் ஏன் தப்புகிறது?

நுரையீரல் கட்டியில் சிடி ஸ்கேன் பார்த்துப் பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு) எடுக்கக் கம்ப்யூட்டரில் பாதை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோலில் ஒரு புள்ளி, கட்டியில் ஒரு புள்ளி வைத்தால் ஆழமும் கோணமும் உடனே வந்துவிடும். வேலை கெடுவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதல் தலைவலி, வேறு ஸ்கேன் மையத்திலிருந்து வரும் டிஸ்க். பெரும்பாலும் அதில் 5 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸ்கள் (உடலின் குறுக்குவெட்டுப் படங்கள்) மட்டுமே இருக்கும். 8 மி.மீ. கட்டி அதில் ஒன்றிரண்டு ஸ்லைஸில் மங்கலாகத் தெரியும், மேல்கீழாக அதன் மையம் எங்கே என்று சொல்லவே முடியாது. போன் செய்தால் "எல்லாம் அதிலேயே இருக்கே" என்பார்கள். "மெல்லிய ஸ்லைஸ்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 1 அல்லது 1.25 மி.மீ. ஆக்ஸியல் (குறுக்குவெட்டு) தொடர் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள், அதையும் சீக்கிரம் கொடுங்கள். பல இடங்களில் மெல்லிய தொடரை நிரந்தரச் சேமிப்புக்கு அனுப்புவதில்லை, ஸ்கேனரில் இடம் தேவைப்பட்டால் அழித்துவிடுவார்கள். முழு மார்புக்கும் 60 படம்தான் இருக்கிறதென்றால் திறந்து பார்க்கவே வேண்டாம், அது 5 மி.மீ.தான். நடுவில் ஒரு ஸ்லைஸ் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இடைவெளியைச் சமமாக எடுத்துக்கொள்ளும் சாஃப்ட்வேரில், விடுபட்ட இடத்துக்கு அப்பால் எல்லாமே நகர்ந்துவிடும்.

டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான பொது வடிவம்) எண்களை 3டி ஸ்லைசர் என்ற படச் சாஃப்ட்வேருக்கும் வேறு நிரலுக்கும் இடையே கையால் மாற்றுகிறவர்கள் கூட்டல் கழித்தல் குறி விஷயத்தில் கவனம். ஸ்லைசரில் வலமும் முன்புறமும் நேர்க்குறி. டைகாமில் இடமும் பின்புறமும். இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே புரண்டுவிடுவதால் நீளம் மாறாது, சாய்வின் அளவும் மாறாது. அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. படத்தின்மேல் கோட்டை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அதிக நேரத்தை வீணாக்குவது மூச்சும் படுக்கும் நிலையும். நோயறியும் ஸ்கேன் மல்லாந்து படுத்து, கையைத் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்தது. பின்பக்கக் கட்டிக்கான பயாப்சியோ குப்புறப் படுத்து, மெல்லிய மூச்சில் நடக்கிறது. நுரையீரலின் கீழ் மடலில் உள்ள கட்டி இந்த மாற்றத்தில் சென்டிமீட்டர் கணக்கில் நகரும். வழிவிட்டிருந்த விலா எலும்பு குறுக்கே வந்து நிற்கும். பழைய ஸ்கேனை வைத்து எந்தப் பக்கம், எப்படிப் படுக்க வைப்பது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். எண்களை, தோலில் கிரிட் (சிடியில் தெரியும் கோடுகள் உள்ள பட்டை) ஒட்டி அதே நிலையில் எடுத்த புது ஸ்கேனிலிருந்தே எடுக்க வேண்டும். இரண்டு ஸ்கேன்களையும் பொருத்திப் பார்த்தால் முதுகெலும்பு அழகாக ஒட்டிக்கொள்ளும். அதை நம்பாதீர்கள், பொருத்தம் சரியா என்பதைக் கட்டியிலேயே பாருங்கள்.

சாஃப்ட்வேர் தரும் "பாதுகாப்பான பாதை", நாம் குறித்துக் கொடுத்த தடைகளை மட்டுமே தவிர்க்கிறது. மடல்களுக்கு இடையிலுள்ள பிளவைக் குறிக்காவிட்டால் அதன் வழியாகவே கோடு போகும். அந்தப் பிளவிலும் புளூரா (நுரையீரலைப் போர்த்திய உறை) இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதைக் குத்தினால் காற்றுக் கசிவுக்கான வாய்ப்பு கூடும். எலும்பை அடர்த்தி வரம்பு வைத்துப் பிரித்தால் சுண்ணாம்பு படியாத விலாக் குருத்தெலும்பு விட்டுப்போகும். விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயை எடுத்துக்காட்டும் மருந்து) இல்லாத ஸ்கேனில் தெரியவே தெரியாது, அதனால் கீழ்ப்பக்கம் சில மி.மீ. தடையை நாமே கூட்டி வைக்க வேண்டும். இவற்றைவிட மோசம் புல்லா, அதாவது நுரையீரலில் உண்டாகும் பெரிய காற்றுக் குமிழி. உள்ளே காற்று, ரத்தக்குழாய் இல்லை, எனவே கணக்கில் அதுதான் நல்ல இடம். நிஜத்தில் ஊசி போகவே கூடாத இடம் அது.

கோடு கட்டியின் மையத்தில் நிற்கும், ஊசி அங்கே நிற்காது. விசையை விட்டதும் 20 மி.மீ. முன்னே பாயும் 18 கேஜ் (தடிமன் அளவு) ஊசியை 12 மி.மீ. கட்டியின் முன் விளிம்பிலிருந்து விட்டால் மறுபக்கம் 8 மி.மீ. வெளியே போகும். கோட்டை அவ்வளவு தூரம் நீட்டிப் பாருங்கள். அங்கே ரத்தக்குழாய் இருந்தால் 10 மி.மீ. பாய்ச்சலுக்கு மாறுங்கள்.

கையால் குத்துவதாக இருந்தால் இரு தளத்திலும் (பக்கவாட்டிலும் தலை-கால் திசையிலும்) சாயும் பாதையை ஏற்காதீர்கள். 80 மி.மீ. ஆழத்தில் 5 டிகிரி தவறினால் நுனி 7 மி.மீ. விலகும், 8 மி.மீ. கட்டி முழுசாகத் தப்பிவிடும். ஒரே ஸ்லைஸுக்குள் அடங்கும் பாதை ஒரு சென்டிமீட்டர் நீளமானாலும் அதுவே மேல், ஏனென்றால் லேசர் கோட்டில் ஊசியை வைத்தபடி ஒரு கோணத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பயாப்சி மேசைக்குக் கொடுக்கும் தாளில் அந்த ஸ்லைஸுக்கான சிடி மேசை நிலை, கிரிட் கோட்டிலிருந்து தூரம், தோலிலிருந்து ஆழம், சாய்வு எந்தப் பக்கம், ஊசி நீளம் ஆகியவை இருக்கட்டும். வெளியே நிற்கும் ஊசியோடு நோயாளி கேண்ட்ரிக்குள் (ஸ்கேனரின் வளையத்துக்குள்) போக முடியுமா என்பதையும் அளந்து எழுதுங்கள். மரப்பு ஊசி போட்டதும் தோல் உப்பும், ஆழம் சில மி.மீ. கூடும். புளூராவைக் குத்துவதற்கு முன் ஒருமுறை ஸ்கேன் எடுத்து, அதில் கிடைக்கும் ஆழத்தைத் தாளில் திருத்திக்கொள்ளுங்கள்.